நான்காவது நிமிடத்துக் குரல்

செப்டம்பர் 3, 2025. புதன்.

நான் வேலை பார்க்கும் நூலகத்தில் கரையான் மருந்து அடித்தார்கள். மதியமே போகச் சொல்லிவிட்டார்கள். செங்கல்பட்டு அறைக்குத் திரும்பாமல் மாமல்லபுரம் பேருந்தில் ஏறினேன். பாலா நேற்றிலிருந்து மூன்று முறை அழைத்துவிட்டான்.

பாலா என்னோடு எம்.ஏ. படித்தவன். இப்போது ஒத்தவாடைத் தெருவில் கடை வைத்திருக்கிறான். அலைச்சறுக்கு ஆட வருகிறவர்களுக்குக் காபி, முட்டை தோசை, பழைய இசைத்தட்டுகள்.

"கண்ண மூடு ரூத்து."

"மாட்டேன். காட்டு."

ஆரஞ்சு வானம், கறுப்புத் தோணி. எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கிற அதே அட்டை. ஆனால் பூச்சி அரிக்காதது. புத்தம் புதிது.

'கல் தோணி'. 1974-இல் மூன்று வெள்ளைக்காரர்கள் இந்தக் கரையில் ஆறு மாதம் தங்கிப் பதிவு செய்த ராக் இசைத்தட்டு. முந்நூறு பிரதிதான் அச்சிட்டார்களாம். ஒன்றை அப்பாவுக்கு அஞ்சலில் அனுப்பியிருந்தார்கள். "அவுங்க டேப்பு பொட்டிய நான்தான் தூக்கிகினு சுத்துனேன்" என்பதற்கு மேல் அப்பா எதுவும் சொன்னதில்லை. வீட்டில் தட்டை ஓட்டக் கருவி கிடையாது. கல்லூரிக் காலத்தில் பாலாதான் வாங்கிப்போய் ஓட்டிக் காட்டினான். ஊசி குதித்துக் குதித்து ஓடியது. எல்லாமே சேற்றுக்கு அடியிலிருந்து வருவது போலிருந்தது. அந்தச் சேறுதான் எங்களுக்குப் பிடித்தது. பிறகு மறந்துபோனோம்.

இப்போது லிஸ்பனில் ஒரு சின்ன நிறுவனம் மூல நாடாவைத் தேடிப் பிடித்து, சுத்தம் செய்து, மறுபடி வெளியிட்டிருக்கிறது. பாலா ஓட்டினான். கிடாரின் ஒவ்வொரு கீறலும் தனித்தனியாக. ஆர்கன் ஒரே சுரத்தில் நிற்கிறது. தபேலா தெரியாத ஒருவர் தபேலா வாசிக்கிறார். பின்னோக்கி ஓடும் நாடாவில் அலை, கரையிலிருந்து கடலுக்குள் திரும்பிப் போகிறது.

"கடைசிப் பாட்டுல ஒரு ஆளு தமிழ்ல பேசறான். நாலாவது நிமிஷம். இப்ப தெளிவா கீது. அத அப்டியே எழுதி இங்கிலீஷ்ல குடுக்கணுமாம். அடுத்த அச்சுல சின்ன புக்கு வெக்கறாங்க. உன் பேர குடுத்துட்டேன். இன்னா, ஓகேவா?"

சரி என்றேன். கடைசிப் பாட்டைக் கேட்பதற்குள் பேருந்து வந்துவிட்டது.

செப்டம்பர் 4

காலை ஆறு மணி. ஹெட்போன். பாலா அனுப்பிய பதினோரு நிமிடப் பாட்டு. நான்காவது நிமிடத்தில் கிடார் விலகுகிறது. ஒரு ஹார்மோனியம். கூட்டத்தின் இருமல். பிறகு ஓர் இளைஞனின் குரல். எழுதத் தொடங்கினேன்.

"ஸ்தோத்திரம். போன ஐப்பசில பெரியவூட்டு வெங்கடேசன் கெணத்துல வுழுந்தாரு. நான் மேல நின்னுகினு இருந்தேன். கயிறு என் கையிலதான் இருந்துச்சு. அவரு என்னப் பாத்தாரு. நான் கயித்த எறக்கல. தண்ணி அடங்கற வரிக்கும் நின்னுட்டுத்தான் வந்தேன். கர்த்தர் என்ன மன்னிச்சாரு. ஸ்தோத்திரம்."

கடைசி ஸ்தோத்திரத்துக்கு எதிரொலி வைத்திருக்கிறார்கள். எட்டு முறை வருகிறது. எண்ணினேன்.

மூன்றாம் முறை கேட்கும்போதுதான் புரிந்தது. பேசத் தொடங்கும்முன் தொண்டைக்குள் ஒரு சின்ன உரசல். தொலைபேசியை எடுத்ததும் "ரூத்தும்மா" என்பதற்கு முன்னால் வருகிற அதே உரசல்.

அப்பா.

செப்டம்பர் 5

இன்று கேட்கவில்லை. கேட்காமலும் கேட்கிறது.

செப்டம்பர் 6

எழுதி வைத்தால் சிறிதாகிவிடும் என்று ஏனோ நம்புகிறேன்.

கல்பாக்கத்துக்கு உள்ளே எங்கள் தெரு. அதிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஊர். ஊரில் பெரிய வீடு. அணுமின் நிலைய வேலை வரும்வரை எங்கள் ஆட்கள் எல்லோரும் அவர்கள் நிலத்தில்தான். வெங்கடேசன் அந்த வீட்டுப் பிள்ளை. ஒவ்வொரு ஐப்பசியும் பேருந்து நிறுத்தத்தில் அவருக்கு நினைவஞ்சலி பேனர் கட்டுவார்கள். பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் அந்தச் சுருட்டை முடிக்காரரின் முகத்தைத் தாண்டித்தான் பேருந்து ஏறியிருக்கிறேன். கீழே 'அன்பு மருமகன் ராஜாராம்' என்று இருக்கும். அக்கா மகன். பன்னிரண்டு லாரி. கட்சிப் பொறுப்பு.

இரண்டு வருடம் முன்பு எங்கள் தெரு கிருபாகரன் அண்ணன் பெரிய வீட்டு வண்டியை முந்தினார். அவ்வளவுதான். பைக்கை அடித்து நொறுக்கிவிட்டார்கள். "வழி வுட்டிருக்கலாம்ல" என்று பேசித் தீர்த்தார்கள்.

முந்தியதற்கே அது.

கொலைக்குக் காலவரம்பு கிடையாது என்று இணையத்தில் படித்தேன். கயிற்றைப் போடாமல் நிற்பது கொலையா? அதையும் தேடினேன். பிறகு தேடியதை எல்லாம் அழித்தேன். அழித்த பிறகு, அழித்தது இன்னும் சந்தேகமாக இருக்குமே என்று நினைத்தேன்.

செப்டம்பர் 7. ஞாயிறு.

வீட்டுக்குப் போனேன். அப்பா யாருடைய மிக்ஸியையோ பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஃபிட்டராக ஓய்வுபெற்றவர், தெருவின் மிக்ஸி, மோட்டார் எல்லாம் அவர் மடியில்தான். எழுபது வயது. இன்னும் கை நடுங்கவில்லை.

கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னாம்மா பாக்கற?"

"ஒண்ணுமில்லப்பா."

அம்மா மத்தி மீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டேன். அதைப் பற்றிக் கேட்கவில்லை. பேருந்தில் வரும்போது ஒரு வெள்ளை வண்டி திருக்கழுக்குன்றம் வரை பின்னாலேயே வந்தது. சும்மா வருகிற வண்டி. சும்மாதான் வந்திருக்கும்.

செப்டம்பர் 11

பாலா ரீல் போட்டுவிட்டான்.

நாலாவது நிமிடம் மட்டும். முப்பது நொடி. மேலே எழுத்து: 'ஐம்பது வருடம் முன்பு நம்ம கடற்கரையில் ஒரு வாக்குமூலம். இந்தக் குரல் யாருடையது?' நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். 'செம திகில் ப்ரோ' என்கிறான் ஒருவன். 'பெரியவூடுன்னா எந்தூரு?' என்று ஒருவன். அதற்குக் கீழே வேறொருவன் எங்கள் பக்கத்து ஊர்ப் பெயரைச் சரியாகப் போட்டிருக்கிறான்.

அழைத்தேன். கத்திவிட்டேன்.

"மொதல்ல எடுடா அத. இப்பவே எடு."

"இன்னாத்துக்கு? சொம்மா முப்பது செகண்டுதான. நல்லா ரீச்சு ஆவுது ரூத்து—"

"அது எங்கப்பாடா."

அவனுக்குப் பின்னால் காபி இயந்திரம் இரைந்தது. பிறகு மெதுவாக, "எடுத்துட்டேன்" என்றான். "ரூத்து, நெசமாலுமா?"

வைத்துவிட்டேன். எடுத்து என்ன? யார் யார் சேமித்து வைத்திருக்கிறார்களோ.

செப்டம்பர் 12

தெரியாத எண்ணிலிருந்து இரண்டு அழைப்பு. எடுக்கவில்லை. ஒன்று கூரியர் என்று பிறகு தெரிந்தது.

செப்டம்பர் 14. ஞாயிறு.

ஆராதனை முடிந்து வந்ததும் ஹெட்போனை அப்பா தலையில் மாட்டினேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. நாலாவது நிமிடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். கழற்றி என்னிடம் கொடுத்தார்.

"எங்க கெடச்சிது?"

நீங்கதானா என்றேன். தலையாட்டினார். உண்மையா என்றேன். அடுப்படியிலிருந்து அம்மாதான் சிரித்தாள்.

"இன்னாது, கெணத்துக் கதையா? உங்கப்பா ஏசுபாதம் கெணத்துல ஆளத் தள்ளுனாரு, நான் சந்திரனுக்குப் போனேன். கோழி அறுக்கச் சொன்னா பக்கத்து வூட்டுக்குக் குடுத்தனுப்பற ஆளு."

"பொன்னி, சும்மா இரு."

"இன்னா சும்மா இரு. அதக் கேள்விப்பட்டுத்தான் எங்கப்பா உன்ன மாப்பிள்ள பாத்தாரு. துணிஞ்ச ஆளுன்னு. மொத வருஷமே தெரிஞ்சிபோச்சி எனக்கு."

நடந்தது இது. அப்பா சொன்னதைச் சுருக்கி எழுதுகிறேன்.

அந்த மூன்று வெள்ளைக்காரர்களும் செருப்பில்லாமல் நடந்தார்கள். தோள்வரை முடி, தாடி, முழங்கால்வரை வெள்ளைத் துணி. தெருவில் எல்லோரும் அவர்களை மிஷனரி என்று நினைத்துவிட்டார்கள். "முடி வளத்துகினு இருந்தா ஏசு மாதிரிதான தெரியும்? கஞ்சா அடிக்கறானுங்கன்னு யாருக்குத் தெரியும். ஊதுபத்தி வாசனன்னு நெனச்சிகினோம்." டேப் பெட்டியோடு கோயிலுக்கு வந்ததும் போதகருக்குக் கை கால் ஓடவில்லை. நாடா சீமைச் சபைக்குப் போகும், சாட்சி பெரிதாக இருந்தால் பள்ளிக்கூடத்துக்குக் கூரை வரும் என்று சொல்லிவிட்டார். ஒவ்வொருவராக எழுந்து, தாங்கள் விட்ட பாவத்தைச் சபை முன் சாட்சியாகச் சொன்னார்கள். ஒருவர் கள்ளை விட்டேன் என்றார். அடுத்தவர் கள்ளையும் சாராயத்தையும் விட்டேன் என்றார். அதற்கடுத்தவர் மூன்று பெண்டாட்டி என்றார். அவருக்கு ஒருவரும் இருந்ததில்லை.

அப்பாவுக்குப் பத்தொன்பது வயது. விடுவதற்கு ஒரு பாவமும் இல்லை. பீடிகூட இல்லை. எழுந்து நின்றுவிட்டார். வெங்கடேசன் இறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வாயில் வந்தது அது.

"அப்ப நீங்க அங்க இல்லவே இல்ல."

"கல்பாக்கத்துல மண்ணு சொமந்துகினு இருந்தேன் அன்னிக்கி."

உடம்பிலிருந்து ஏதோ இறங்கியது. அழுதுவிடுவேன் போலிருந்தது. வாய்விட்டே சொன்னேன்: அப்படியானால் பிரச்சினையே இல்லை, மொழிபெயர்ப்புக்குக் கீழே ஒரு குறிப்பு போட்டுவிடலாம், இது மிகைப்படுத்திய சாட்சி, பொய் என்று—

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

பேருந்து நிறுத்தத்துக்குக் கூட வந்தார். பேனர் கட்டும் கம்பத்துக்கு அடியில் நின்றுகொண்டு சொன்னார்.

"பொய்ன்னு எழுதாத."

"ஏம்பா?"

"அந்த ஞாயித்துக்கெழமயோட என்ன யாரும் டேய்னு கூப்புடல. பெரியவங்ககூட எழுந்து எடம் குடுத்தாங்க. யாரும் என்ன கேக்கல. நானும் இல்லன்னு சொல்லல. அம்பது வருஷம் ஆச்சிம்மா." சாலையையே பார்த்தார். "ஊருக்குப் போவாத பேச்சி அது. தெருவோட இருந்துச்சி."

செப்டம்பர் 16

இரண்டு பயம். அப்படியே அச்சில் போனால் ராஜாராம். குறிப்போடு போனால் அப்பா.

எனக்கு எந்த வாக்கியமும் எழுத வரவில்லை. 'I was standing above' என்று ஆரம்பித்துப் பத்து முறை அடித்தேன். நூலகத்தில் ஒரு மாணவன் புத்தகத்தைத் தொப்பென்று போட்டான். எழுந்து நின்றுவிட்டேன். எல்லோரும் பார்த்தார்கள்.

செப்டம்பர் 18

ராஜாராம் பாலாவின் கடைக்கு வந்திருக்கிறார். காபி குடித்தாராம். ரீலைத் தன் தொலைபேசியிலேயே வைத்திருக்கிறாராம்.

"யார்னு கேட்டாரு. தெரியாதுண்ணேன்னு சொன்னேன். கைல இருந்த தட்டு கீழ வுழுந்திடுச்சி ரூத்து. சிரிச்சாரு. 'தம்பி, எனக்குத் தெரியும், உனக்குத் தெரியுமான்னுதான் கேட்டேன்'னாரு."

அப்பாவிடம் சொன்னேன். சித்தி வீட்டுக்கு அச்சரப்பாக்கம் போய் இருங்கள் என்றேன். "எழுவது வயசுல நான் எதுக்கும்மா ஓடணும்" என்றார். பயம் அவர் குரலிலும் இருந்தது. அந்த உரசல் நீண்டிருந்தது.

செப்டம்பர் 21. ஞாயிறு.

வந்தார்கள்.

கோயில் விட்டு எல்லோரும் தெருவில் நிற்கிற நேரம். வேண்டுமென்றே அந்த நேரமோ, தெரியவில்லை. வண்டி தெருமுனையில் நின்றது. உள்ளே நுழையாது, அத்தனை அகலம். இரண்டு பேர் இறங்கிக் கதவில் சாய்ந்துகொண்டார்கள். பிறகு ராஜாராம். பிறகு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வயதான அம்மாள். விஜயகுமாரி. வெங்கடேசனின் அக்கா. அவர் எங்கள் தெருவுக்குள் கால் வைத்ததை யாரும் பார்த்ததில்லை.

நான் அப்பாவுக்கு முன்னால் போய் நின்றேன். அம்மா என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"பெரியவரே, நான் சண்ட போட வரல" என்றார் ராஜாராம். கை கட்டியிருந்தார். "எங்கம்மா ஒரு வார்த்த கேக்கணுமாம். ஒரு வாரமா சாப்புடல. அத மட்டும் கேட்டுட்டுப் போயிடறோம்."

அந்த அம்மாள் நாற்காலியில் உட்காரவில்லை. அப்பாவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏசுபாதம். உன்னப் பாத்தான்னு சொல்லிகீற. எந்தம்பி. பாத்து இன்னா சொன்னான்?"

தெரு முழுக்க நின்றது. கிருபாகரன் அண்ணன், போதகர், பால் எடுக்கப் போனவர்கள். அப்பா அவர்களைப் பார்த்தார். ஒவ்வொருவராகப் பார்த்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது. எனக்குத் தெரியும் அவர் எந்த ஐம்பது வருடத்தைக் கையில் வைத்திருக்கிறார் என்று. எதுவும் சொல்லாதீர்கள் அப்பா. இல்லை, சொல்லுங்கள். எதை வேண்டினேன் நான்?

தொண்டையில் அந்த உரசல்.

"நான் அங்க இல்லம்மா."

யாரோ பின்னால் 'ஆங்?' என்றார்கள்.

"கல்பாக்கத்துல வேலயில இருந்தேன். கூட அறுவது பேரு. சாட்சியில பொய் சொன்னேன். கெணத்தக்கூட நான் எட்டிப் பாத்ததில்ல."

"ஏன் அப்டி சொன்ன?"

இங்கே நிறுத்தியிருக்கலாம். வயசுக் கோளாறு என்று முடித்திருக்கலாம். அப்பா நிறுத்தவில்லை.

"களத்துல வெச்சி எங்க நைனாவ செருப்பால அடிச்சாரு உங்க தம்பி. கூலி நெல்லு ஈரமா கீதுன்னு சொன்னதுக்கு. எனக்கு அப்டி செய்யணும்னு இருந்துச்சி. செஞ்சிட்டா மாதிரி சொல்லிட்டேன்."

வண்டியில் சாய்ந்திருந்த ஒருவன் நிமிர்ந்தான். ராஜாராம் கையைப் பிரித்தார்.

"தெரியும்" என்றார் அந்த அம்மாள். "நானும் அன்னிக்கிப் பாத்துகினுதான் இருந்தன்."

அவ்வளவுதான். கோபமில்லை, மன்னிப்பும் இல்லை. பிறகு யாரிடமும் இல்லாமல் கேட்டார்.

"அப்ப யாருமே இல்லயா அவன்கூட?"

அந்த அம்மாளின் முகம் அப்போதுதான் உடைந்தது. ஒரு வாரமாக அவர் எங்களைச் சபித்துக்கொண்டிருக்கவில்லை. மேலே ஒரு முகம் இருந்தது, தம்பி கடைசியாக ஒரு மனிதனைப் பார்த்தான் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வெறுப்போடு நின்ற முகமாக இருந்தாலும்.

ராஜாராம் அவரைத் தாங்கிப் பிடித்து அழைத்துப் போனார். போகும்போது அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைப் படிக்க எனக்குத் தெரியவில்லை.

வண்டி போனது. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அப்பாவிடம் யாரும் எதுவும் சொல்லாமல் போனார்கள்.

செப்டம்பர் 22

தூங்கினேன். பதினெட்டு நாளுக்குப் பிறகு.

எழுந்ததும் நிம்மதியைத் தேடினேன். இருந்தது. ஆனால் அதற்குக் கீழே வேறொன்று. வெட்கத்தோடு எழுதுகிறேன். இந்தப் பதினெட்டு நாளும் நடுங்கிக்கொண்டிருந்தவளுக்குள், எங்கப்பா செய்தார், எங்கப்பா ஒருவர்தான் செய்தார் என்று ஒருத்தி நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தாள். மிக்ஸியைப் பிரிக்கிற கையை அன்று நான் பார்த்தது பயத்தில் மட்டும் இல்லை.

ஒரு மனிதன் நீரில் மூழ்குகிறான். அதில் எனக்குப் பெருமை.

இதை அப்பாவிடம் சொல்ல மாட்டேன்.

செப்டம்பர் 29

அம்மா அழைத்தாள். டீக்கடையில் பூபாலன், "இன்னா பாதம், கயிறு கீதா?" என்று கேட்டானாம். பூபாலனுக்கு இருபத்தைந்து வயது. எல்லோரும் சிரித்தார்களாம்.

"அப்பா இன்னா செஞ்சாரு?"

"டீயக் குடிச்சிட்டு வந்தாரு. மறுநாளும் அதே கடைக்குத்தான் போனாரு."

அந்தப் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை. இதுவரை இல்லை. ஐப்பசி வர இன்னும் மூன்று வாரம். பேனர் கட்ட ஆட்கள் வருவார்கள், தெருமுனையில் நிற்பார்கள். பயம் போய்விட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. தேதி போட்டு எழுதுகிற நோட்டில் அதை எழுத முடியாது.

அக்டோபர் 5. ஞாயிறு.

மொழிபெயர்ப்பை முடித்துவிட்டேன். குரலில் இருக்கிற சொற்கள் மட்டும். அடிக்குறிப்பு இல்லை. லிஸ்பனிலிருந்து ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். பேசுகிறவரின் பெயர் தெரிந்தால் சேர்க்க விரும்புகிறார்கள், தெரியாவிட்டால் 'அறியப்படாத குரல்' என்று போடுவார்கள்.

தெரியாது என்று எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனாலும் கேட்டேன்.

அப்பா முதல்முறையாக முழுப் பாட்டையும் கேட்டு முடித்திருந்தார். பதினோரு நிமிடம், அசையாமல். "கிடாரு நல்லா கீது" என்றார். "அப்ப இவ்ளோ வாசிச்சானுங்களா."

"பேரு போடட்டுமாப்பா? வாணாம்னா வுட்டுடலாம்."

"போடு."

"பொய்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சேப்பா."

"கொரலு என்துதான?"

எழுதினேன். அவர் எதிரிலேயே, தமிழிலும் ஆங்கிலத்திலும். ஊர்ப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை மட்டும் காலியாக விட்டு அனுப்பினேன். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.